‘கெட்’டுன்னா திக்குன்னு இருக்கா, பேராண்டி?

ஏலே பேராண்டி, இங்ஙன வா. கையில என்ன அது, மளிகைச் சிட்டையா? ‘கெட்’டுன்னு ஒத்தைச் சொல்லு, அதுக்குக் கீழ ரெண்டு பக்கத்துக்கு அர்த்தமா? பஸ் ஸ்டாண்டு மாடியில ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துறவரு குடுத்தாராக்கும். நாளைக்கு ஒப்பிக்கணுமாக்கும். அதுக்குத்தான் ராத்திரிச் சோறுகூடத் திங்காம தூணுல சாய்ஞ்சு முணுமுணுத்துக்கிட்டு இருக்கியா?

நல்லா இருக்குடே. காசையும் குடுத்து, தூக்கத்தையும் குடுத்து, கடைசியில பயத்தை வாங்கிட்டு வந்திருக்க. ‘கெட்’டுன்னா கிடைக்கிறது. ‘கெட்’டுன்னா ஆகுறது. ‘கெட்’டுன்னா போய்ச் சேருறது. ‘கெட்’டுன்னா புரியுறது. ஒரு சொல்லு எப்படித் தாத்தா இத்தனை சோலி பாக்கும்னு கேக்கியா? கேளு, கேளு. கேக்குற வயசுதான்.

இப்ப நான் ஒண்ணு கேக்கேன், அதுக்குப் பதில் சொல்லு. கடையில போய்ப் பருப்பு வாங்குத. சரி. பரீட்சையில மார்க் வாங்குத. அதையும் கடையிலயா விக்கான்? வாத்தியார்ட்ட அடி வாங்குத. அப்பன்ட்ட திட்டு வாங்குத. மாடி ஏறினா எனக்கு மூச்சு வாங்குது. மேஸ்திரி சித்தாள்ட்ட வேலை வாங்குதான். பங்காளி பழி வாங்குதான். ஒருத்தன் ஊர்ல நல்ல பேரு வாங்குதான், இன்னொருத்தன் உசிரை வாங்குதான். சண்டைன்னு வந்துட்டா மூணாவது ஆளு பின்வாங்குதான். இதுல எதுக்குடே காசு குடுத்த? எந்த மாடியில போய் ‘வாங்கு’க்கு அர்த்தம் படிச்ச? மூக்கு ஒழுகுற வயசுல, சட்டையில பொத்தான்கூட இல்லாம, ‘தாத்தா, நீ பாட்டிட்ட நல்லா வாங்கப் போற’ன்னு வந்து சொன்னவன்தான நீ? என்னத்தை வாங்கப் போறேன்னு நீ சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. ரெண்டு பேருக்கும் புரிஞ்சுச்சுல்ல?

வெள்ளைக்காரன் வீட்டுல ‘கெட்’டும் அம்புட்டுத்தான். நம்ம அடுப்படி அரிவாமணை மாதிரி. காய் நறுக்கும், மீன் அரியும், தேங்காய் துருவும். இன்னின்ன சோலின்னு லிஸ்ட் எழுதிச் சுவத்துல ஒட்டியா வச்சிருக்கா உங்க பாட்டி? சோலி வந்தா இழுத்துப் போட்டு உக்காருதா. அவ்வளவுதான்.

லிஸ்ட் போடுறவன் பாடு வேற. அது அகராதிக்காரன் தலையெழுத்து. ஆக்ஸ்போர்டு அகராதியில பீட்டர் கில்லிவர்னு ஒருத்தரு. ‘ரன்’னுங்கிற வினைச்சொல்லு ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு ஒன்பது மாசம் உக்காந்திருக்காரு. கடைசியில 645 அர்த்தம் தேறுச்சாம். அந்த நேரத்துல ஒரு பிள்ளையையே பெத்திருக்கலாம்னு உங்க பாட்டி சொல்லுதா. அவ சொல்றதும் நியாயந்தான். ஆனா லண்டன்ல பால் போடுற பையன் அந்த 645-ஐயும் படிச்சிட்டா சைக்கிளை மிதிக்கான்? எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. நம்ம கிளை நூலகத்துல மத்தியானம் ஃபேன் ஓடும். ஃபேனுக்குக் கீழ சும்மா உக்காந்தா நூலகர் ஒரு மாதிரியாப் பாக்காரு. எதையாவது விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்தா ஒண்ணும் சொல்றதில்ல. அப்படி வந்த படிப்புதான்.

சரி, கதைக்கு வா. சந்தையில திருட்டுப்பய மாட்டினா நாம என்ன சொல்லுதோம்? ‘செமத்தியா அடி வாங்கினான்’னு சொல்லுதோம். ‘பொதுமக்களால் அவன் அடிக்கப்பட்டான்’னு நீ சொல்லுவியா? சொன்னா உனக்கும் ரெண்டு விழும். அதைப் பேப்பர்க்காரன் மறுநாள் எழுதுவான். அவனுக்கு அது பொழப்பு. இங்கிலீஷ்லயும் இதே கூத்துதான்டே. எழுதுறப்போ ‘ஹி வாஸ் பீட்டன்’. வாய்க்கு வந்தபடி பேசுறப்போ ‘ஹி காட் பீட்டன்’. பிடிபட்டா ‘ஹி காட் காட்’. சிரிக்காத. மொதக் காட்டு ‘கெட்’டோட பிள்ளை, ரெண்டாவது காட்டு ‘கேட்ச்’சோட பிள்ளை. வேலை போனா ‘காட் ஃபயர்டு’. வழி தப்புனா ‘காட் லாஸ்ட்’. நல்லதுக்கும் இந்தச் சொல்லு வரும், ‘காட் ப்ரமோட்டட்’னு சொல்லுவான்தான். ஆனா அதிகமாப் பாத்தா, நாம கேக்காமலே தலையில வந்து விழுந்த சங்கதிக்குத்தான் அது தோதா இருக்கு. கல்யாணம் ஆனாலும் ‘காட் மேரீட்’தான். அதையும் எதுக்கு இந்த வரிசையிலேயே வச்சான்னு, உங்க பாட்டி இல்லாத நேரமாப் பாத்து வந்து கேளு.

நீ பயப்பட வேண்டியது ‘கெட்’டுக்கு இல்லடே. நம்ம ஆளுக இங்கிலீஷ் பேசுறப்போ அதைத் தொடக் கூச்சப்படுதாக பாரு, அதுக்குப் பயப்படு. மூணெழுத்துச் சொல்லு, கேவலமா நெனச்சுக்கிடுதாக. மேலத்தெரு சித்தப்பனைப் பாத்திருக்கியா? துணி எடுக்கப் போனா ‘பர்சேஸ்’. கீரைக்கட்டு வாங்கினாலும் ‘பர்சேஸ் முடிஞ்சது’ங்கான். ரெண்டு ரூபாய்க்குக் கறிவேப்பிலை, அது பர்சேஸா? ஆபீஸ்ல எவனுக்காவது எழுதணும்னா ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’. அது வெள்ளைக்காரத் துரை காலத்து ஆபீஸ் பாஷை. அவன் நாட்டுல அவனே பெரும்பாலும் விட்டுட்டான். நாம விடுவமா? துரை போட்டுட்டுப் போன கோட்டை இன்னும் துவைச்சுத் துவைச்சு மாட்டிக்கிட்டுத் திரியுதோம்.

காய்ச்சலைப் பாரு. தமிழ்ல காய்ச்சல் வந்தா ஒழுங்கா வரும். உடம்பு அனலா அடிக்கும், சுக்குக் கசாயம் குடிப்போம், இழுத்துப் போர்த்திப் படுப்போம். அதே காய்ச்சல் லீவ் லெட்டருக்குள்ள போச்சுன்னா என்ன ஆகும்? ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.’ அஞ்சாம் வகுப்புப் பயலும் அதைத்தான் எழுதுதான், அடுத்த வருசம் ரிட்டயர் ஆகப் போற கிளார்க்கும் அதைத்தான் எழுதுதான். இந்த ஊர்ல ஒருத்தனுக்காவது இங்கிலீஷ்ல சும்மா காய்ச்சல் வந்திருக்கா? சஃபர் ஆகாம வந்ததே இல்ல. தலைவலியும் சஃபர், பேதியும் சஃபர். லண்டன்காரன் ‘ஐ ஹேவ் காட் எ கோல்டு’ன்னு ஒத்தை வரியில சொல்லிட்டு மூக்கைச் சிந்திக்கிட்டுப் போறான்.

அந்த ஊர் வாத்தியார்மாரும் லேசுப்பட்டவங்க இல்ல. கட்டுரையில ‘கெட்’டு வந்தா சோம்பேறிச் சொல்லுன்னு சிவப்பு மையில கோடு போட்டிருக்காக. பிள்ளைக கட்டுரையில அதை எடுத்துட்டு, வாசலுக்கு வந்ததும் திரும்பப் பேசிருக்கு. பொறவு ஆக்டன்னு ஒரு மனுசன் வந்தாரு. 1930ல ‘பேசிக் இங்கிலீஷ்’னு ஒண்ணு கொண்டாந்தாரு. மொத்தம் 850 சொல்லு போதும், உலகத்துல எவனும் இங்கிலீஷ் பேசிரலாம்னாரு. அதுல வினைச்சொல்லு எத்தனைன்னு நெனைக்க? 18. போறது, வாறது, குடுக்கிறது, எடுக்கிறதுன்னு பொடிப்பொடிச் சொல்லுக. ‘கெட்’டுக்கு அங்க எடம் உண்டு. சித்தப்பனோட ‘பர்சேஸ்’ வெளிவாசல்லயே நிக்குது. 1943ல, யுத்தத்துக்கு நடுவுல, சர்ச்சிலே ஹார்வர்டுக்குப் போய் இதுக்காகப் பரிஞ்சு பேசியிருக்காருன்னா பாரேன்.

ஆனா அந்த ஆக்டன் வித்தையும் முழுசா எடுபடல. ஏன்னா சொல்லோட எண்ணிக்கையைக் குறைச்சாரு, சோலியைக் குறைக்க முடியல. ‘கெட்’டுக்குப் பின்னால ‘அப்’ போட்டா எந்திரிக்கான், ‘ஓவர்’ போட்டா துக்கத்துலருந்து தேறுதான், ‘பை’ போட்டா இருக்கிறதை வச்சுக் காலத்தை ஓட்டுதான். 18 சொல்லுக்குள்ள 1,800 சொல்லு ஒளிஞ்சு கெடக்கு. படிக்காம தப்பிக்க வழி கிடையாது. படிக்கிற விதம் மட்டும் வேற.

இந்தச் சொல்லுக்குப் பூர்வீகம் எது தெரியுமா? இங்கிலீஷ்காரன் சொந்தப் பயிரும் இல்ல. வடக்கே நார்வே, டென்மார்க் பக்கம் வைக்கிங்னு ஒரு கூட்டம். 793ல லிண்டிஸ்ஃபார்ன் தீவுல இருந்த மடத்துக்குள்ள பூந்து கொள்ளையடிச்சான். ருசி கண்டவன் சும்மா இருப்பானா? திரும்பத் திரும்ப வந்தான். பொறவு வந்தவன்ல பல பேரு அங்ஙனயே நிலத்தைப் பிடிச்சு, பொண்ணைக் கட்டி, வெள்ளாமை பாக்க ஆரம்பிச்சுட்டான். அவன் பாஷையில ‘கெட்டா’ன்னு ஒரு சொல்லு, அடையறதுன்னு அர்த்தம். அது பக்கத்துக் காட்டுக்காரன் வாயில தொத்திக்கிச்சு. ‘டேக்’குன்னு சொல்லுதோமே, அதுவும் அவன் குடுத்ததுதான். முட்டைக்கு ‘எக்’கு, கத்திக்கு ‘நைஃப்’பு, எல்லாம் அவன் சீதனம். கொள்ளையடிக்க வந்தவன் ‘கிடைச்சது’க்கும் ‘எடுத்தது’க்கும் சொல்லு குடுத்துட்டுப் போயிருக்கான் பாரு. தொழில்ல அம்புட்டுச் சுத்தம்.

உங்க அண்ணன் ராத்திரி அமெரிக்காக்காரன்ட்ட போன்ல பேசுதான்ல. ‘காட்டன், காட்டன்’னு பாட்டி காதுல விழுந்திருக்கு. கரிசக்காட்டுப் பிள்ளை பருத்தி யாவாரம் பேசுதான்னு அவளுக்கு ஒரே பெருமை. தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துட்டா. அது பருத்தி இல்லடி, ‘கெட்’டோட மூணாவது வேசம்னு நான் சொன்னா நம்பவா போறா? நீ பள்ளிக்கூடத்துல ‘கெட், காட், காட்’னு தலையை ஆட்டி ஆட்டிப் படிச்ச. அமெரிக்காக்காரன் ‘கெட், காட், காட்டன்’ங்கான். உங்க மாடிக்காரரு அதைக் கேட்டா மூஞ்சியைச் சுளிப்பாரு, அமெரிக்காக்காரன் பாஷையைக் கெடுத்துட்டான்பாரு. அவன் கெடுக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ‘காட்டன்’தான் பழசு. 1611ல அச்சடிச்ச கிங் ஜேம்ஸ் பைபிளை எடுத்துப் பாரு. ஏவாள் மூத்த மகனைப் பெத்ததும் பேசுற பேச்சுல அது இருக்கு. கப்பலேறிப் போனவன் மூட்டையில கட்டிக்கிட்டுப் போனான். வீட்டுல இருந்தவன் தொலைச்சுட்டான். இப்பத் தொலைச்சவன், பத்திரமா வச்சிருக்கவனைப் பாத்து நொட்டை சொல்லுதான். இதுல ‘ஃபர்காட்டன்’னை மட்டும் லண்டன்காரனும் விடல. மறந்ததை மட்டும் மறக்கல பாரேன்.

அமெரிக்காக்காரன் ரெண்டையும் வச்சுக்கிட்டுச் சமத்தாப் பிரிச்சுக்கிடுதான். ‘ஐ ஹேவ் காட் எ கார்’னா கார் வச்சிருக்கான். ‘ஐ ஹேவ் காட்டன் எ கார்’னா புதுசா வாங்கிருக்கான். உனக்கு எதைச் சொல்லணும்னு கவலையா? மொதல்ல சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டு.

பஸ்ஸைப் பத்திக் கேட்டியே. காருன்னா ‘கெட் இன்’, பஸ்ஸுன்னா ‘கெட் ஆன்’, ஏன் தாத்தா இந்த ஓரவஞ்சனைன்னு. உன் லிஸ்ட்ல காரணம் இருக்கா? இருக்காது. காருக்குள்ள நிமிர்ந்து நடப்பியா? குனிஞ்சு, தலையை இடிச்சுக்கிட்டு, உள்ள பூருத. அதான் ‘இன்’. பஸ்ஸு, ரயிலு, கப்பல்னா ஏறி நின்னுக்கிடலாம், இங்கிட்டும் அங்கிட்டும் நடந்துக்கிடலாம். அதான் ‘ஆன்’. குதிரை மேலயும் சைக்கிள் மேலயும் ஏறி உக்காருத, அதுவும் ‘ஆன்’. ஆட்டோவுக்குள்ள பூருறதால ‘இன்’. காலையில எட்டரை மணிக்கு நம்ம டவுன் பஸ்ல நடக்க முடியாதேங்காத. நம்ம டவுன் பஸ்ஸுக்கு எந்த நாட்டு இலக்கணமும் ஒத்து வராது.

எறங்குறதுக்கு லண்டன்காரன் ‘கெட் ஆஃப்’ங்கான். நாம ‘கெட் டவுன்’ங்கோம். படி எறங்கித்தான வாறோம், அதனால ‘டவுன்’. நம்ம நாட்டுக்குள்ள எல்லாருக்கும் புரியுது, வச்சுக்கோ, தப்பில்ல. லண்டன் பஸ்ல நின்னுக்கிட்டு ‘கெட் டவுன்’னு சத்தம் போட்டா, என்னமோ பறந்து வருதுன்னு நாலு பேரு குனிஞ்சாலும் குனிவான். இலங்கையில அதுக்கு இன்னொரு அர்த்தம். அங்க இங்கிலீஷ் பேசுறவங்க ‘கெட் டவுன்’னு சொன்னா, ஒரு சாமானை வெளியூர்லருந்தோ வெளிநாட்டுலருந்தோ வரவழைக்கிறது. நாம பஸ்ஸை விட்டு எறங்குதோம், அவங்க புஸ்தகத்தை எறக்குதாங்க. ரெண்டுக்கும் நடுவுல அந்தச் சின்னக் கடல்தான்.

எனக்கு ‘கெட்’டுல பிடிச்ச இடம் ஒண்ணு உண்டு. நம்ம ஊர்ப் பெரிய மனுசங்களைக் கேளு. ‘இது நான் வெட்டுன கிணறு’ம்பாக. கடப்பாரையைக் கையால தொட்டிருக்க மாட்டாக. பாறையில குழி போட்டு, மருந்து கிட்டிச்சு, திரியைப் பத்த வச்சுட்டு மேல ஏறி ஓடி வந்தவன் ஒருத்தன். அம்பது அடியிலருந்து கல்லும் மண்ணுமா மேல வந்ததைத் தலையில சுமந்து கொட்டுனவ ஒருத்தி. இவரு வேப்பமரத்து நிழல்ல கட்டிலைப் போட்டு மோர் குடிச்சுக்கிட்டு இருந்தாரு. கிணறு வெட்டுனது யாரு? இவரு! வெட்ட வச்சேன்னு சொல்லத் தமிழ்ல வழி இல்லாம இல்ல. யாரு சொல்லுதா? இங்கிலீஷ்ல ‘ஐ காட் எ வெல் டக்’னு சொல்லலாம். நான் தோண்டல, ஆள் வச்சுத் தோண்டிக்கிட்டேன்னு அந்தக் ‘காட்’டு காட்டிக் குடுத்துரும். முடி வெட்டுறதும் அப்படித்தான். ‘ஐ கட் மை ஹேர்’னு நீ சொன்னா, கண்ணாடிக்கு முன்னால நின்னு நீயே கத்திரியை எடுத்துட்டேன்னுதான் கேக்கவனுக்குத் தோணும். உன் தலையைப் பாத்தா அவன் நம்பவும் செய்வான். ‘ஐ காட் மை ஹேர் கட்’னு சொல்லிப் பாரு. சலூன்கார அண்ணாச்சி அந்த வாக்கியத்துக்குள்ள வந்து நிப்பாரு.

அப்புறம், அடுத்த வாரம் போன்ல இன்டர்வியூ இருக்குன்னியே. சத்தம் சரியாக் கேக்கலைன்னா ‘ஐ ஆம் நாட் கெட்டிங் யூ’ங்காத. நம்ம நாட்டு ஆபீஸ் பூரா இதுதான் ஓடுது, ஆனா வெளிநாட்டான் முழிப்பான். கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லேன், ‘ஐ காண்ட் ஹியர் யூ’ன்னா முடிஞ்சுது. விளங்கலைன்னா ‘ஐ டோண்ட் கெட் இட்’. சோலி முடிஞ்சுச்சா? ‘குட் யூ ப்ளீஸ் எலாபரேட்’ எல்லாம் வேலை கிடைச்ச பொறவு வச்சுக்கிடலாம்.

வாக்கியமாப் பிடி, பேராண்டி. எந்திரிக்கப்போ ஒண்ணு, பஸ் ஏறப்போ ஒண்ணு, நனைஞ்சா ஒண்ணு, கோவம் வந்தா ஒண்ணு. நடக்கிற சங்கதியோட சேத்துச் சொல்லிப் பாரு. ‘கெட் அவுட்’டுக்கு அர்த்தம் தெரியாத கிழவி நம்ம ஜில்லாவுல உண்டா? யாரு சொல்லிக் குடுத்தா? டூரிங் டாக்கீஸ்ல, மணலைக் குமிச்சு வச்சு உக்காந்திருக்கப்போ, பணக்கார அப்பா நைட் கவுனோட மாடிப்படியில நின்னு வாசலைப் பாத்து விரலை நீட்டுவாரு, ‘கெட் அவுட்!’ ஏழை மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடப்பான். கொட்டகையில எந்தப் பொம்பளைக்காவது பக்கத்து ஆளு அர்த்தம் சொல்ல வேண்டியிருந்துச்சா? அதுக்குள்ள முந்தானை நனைஞ்சிருச்சே. உங்க பாட்டி அங்ஙன படிச்சதுதான். இன்னைக்கும் அடுப்படிக்குள்ள கோழி வந்துட்டா விரலை நீட்டி அதுக்கிட்ட இங்கிலீஷ்தான் பேசுதா. கோழியும் மறுபேச்சுப் பேசாம எறங்கிப் போயிருது.